நானூற்றுப் பன்னிரண்டு பேர்

ஆய்வகத்தில் அவருக்கு நானூறு என்று பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. அவர் எழுதிய கட்டுரை ஒன்றை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை நானூற்றைத் தாண்டிய அன்று, பக்கத்து அறைக்காரர் "வாங்க நானூறு" என்று கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதருக்கும் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எழுதியது முப்பத்தொரு கட்டுரை. அதில் முப்பதை அவரும் அச்சுக்கு முன் சரிபார்த்தவர்களும் தவிர வேறு யாராவது முழுசாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். மீதி இருந்த ஒன்றுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அடுத்த வாரம் புதன்கிழமை துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். அங்கேயும் அந்த ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அவர் மனைவி அதே ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறையைப் பார்த்துக்கொள்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அறை அவள் கையில்தான். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள். அவற்றின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வளரும் செல்கள். மேலே அவற்றுக்குச் சாப்பாடாக இளஞ்சிவப்புத் திரவம். செல்கள் தின்னத் தின்ன அது மஞ்சளாகும். மஞ்சளானால் பசி என்று அர்த்தம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழசை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். ஞாயிறு, விடுமுறை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. மாட்டுக்காரர்களுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

திங்கட்கிழமை காலை, மழை பிடித்து மூன்றாம் நாள், சோதனைக்கூடத்திலிருந்து அந்த அறிக்கை வந்தது. நேர்காணல் குழு இந்த வருடம் புதிதாக ஒன்று கேட்டிருந்தது. செல்களை வைத்து எழுதிய கட்டுரை என்றால், அந்தச் செல் யாருடையது என்பதற்கு ஓர் அடையாளச் சான்று வேண்டும். "ஒரு சீட்டு வாங்கி வெச்சிடும்மா" என்று நானூறு சொல்லியிருந்தார், பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சொல்வதுபோல. அவளும் துளி செல்லை எடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோயிருந்தாள்.

மாதிரி பெண்ணுடையது என்றது அறிக்கை. உலகத்தில் பாதி ஆய்வகங்களில் வளர்கிற, எப்போதோ செத்துப்போன யாரோ ஒரு பெண்ணின் புற்றுச் செல்லோடு முழுப் பொருத்தம் என்றது.

அவள் அனுப்பியது தன் அண்ணனை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் அண்ணனுக்குப் பித்தக்குழாயில் புற்று வந்தது. லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கூண்டின் உச்சியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற ஆள், நாற்பத்துநாலு வயதில் சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது என்று படுத்தார். அந்த வகைப் புற்றின் செல்லை ஆய்வகத்தில் வளர்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அறுவைச் சிகிச்சை அன்று பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை ஐஸ் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். "எடுத்துக்க, எடுத்துக்க. என்னை வெச்சாவது உன் வீட்டுக்காரர் பெரிய ஆளாகட்டும்" என்று அண்ணன் படுக்கையில் கிடந்தபடி சிரித்திருந்தார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

குடுவையில் இருந்தவர் போகவில்லை. வளரவும் இல்லை. சீக்காளி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு, அண்ணன் இறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வாரத்தில், குடுவை நிரம்பிவிட்டது. எங்கே பார்த்தாலும் செல். எல்லோர் முன்னாலும் நானூறு அவளைக் கட்டிக்கொண்டார். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். செல்லுக்கு ஏதோ எழுத்தும் எண்ணும் வைத்துப் பதிவு செய்தார்கள். அறையில் மட்டும் அது அண்ணன்தான். "அண்ணனுக்குச் சாப்பாடு மாத்திட்டு வரேன்" என்பாள். மாணவர்களும் "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். ஒரு மருந்து அந்தச் செல்லைத் தடுக்கிறது என்று நானூறு எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் செல்லை அனுப்பினார்கள். முப்பது ஊர்களில் அண்ணன் வளர்ந்தார்.

அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு வகைச் செல்லுக்கு ஒரு சாப்பாட்டுப் பாட்டில். ஒரு வகைக்கு ஊற்றிய பாட்டிலை இன்னொரு வகைக்குத் தொடக்கூடாது. குழாய் நுனியில் ஒரே ஒரு செல் ஏறிப் போனாலும் போதும். வேகமாக வளர்கிறது மெதுவாக வளர்வதைத் தின்று தீர்த்துவிடும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அண்ணன் இறந்த அந்த மாதம் சரக்கு வரத் தாமதமானது. ஒரே பாட்டில்தான் இருந்தது. அழுதழுது கண் வீங்கிப்போய் வந்திருந்தவள், அந்த ஒன்றையே, அந்தப் பெண்ணின் செல் இருந்த குடுவை உட்பட, எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். ஒரு நாளா இரண்டு நாளா என்பதுகூட ஞாபகம் இல்லை. ஊற்றியது ஞாபகம் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் மூலை மேசையில் வைத்துச் சொன்னாள். நானூறு அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அறிக்கையைப் படித்தார். முட்டையைத் திரும்பவும் டப்பாவுக்குள் வைத்தார்.

"வேற யாரோட சாம்பிளோ மாறிப் போயிருக்கும்."

"நான்தாங்க எடுத்தேன். நான்தான் பேர் எழுதி ஒட்டினேன்."

"அவங்க பக்கம் மாறியிருக்கும்."

"ரெண்டு தடவை பண்ணியிருக்காங்க. கீழ போட்டிருக்கு பாருங்க."

"கத்தாதே."

"கத்தலையே நான்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்து அறைக்காரர் தூரத்திலிருந்து கையை ஆட்டி, "என்ன நானூறு, தலைவராகப் போறவர் எங்களுக்கு எப்ப டீ?" என்றார். நானூறு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"எப்போ நடந்திருக்கும்?" என்றார் மெதுவாக.

அவள் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர் முட்டை டப்பாவை மூடினார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்போ குடுவை திடீர்னு நிரம்பிச்சே..."

"அது அண்ணன் இல்லீங்க."

"கேக் வெட்டினோமே."

"ஆமா."

"நானூத்திப் பன்னெண்டு பேப்பர்," என்றார் அவர். "நானூத்திப் பன்னெண்டும் இது மேல நிக்குது. எவனாவது நோயாளிக்கு அந்த மருந்தைக் குடுத்திருந்தான்னா?"

"நான் என்னங்க சொல்றது."

"ஒண்ணும் சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. புதன்கிழமை போகட்டும்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆரம்பத்துல எடுத்து உறையவெச்சோமே, அது இருக்கா?"

செல்லைக் குப்பியில் போட்டுத் திரவ நைட்ரஜனில் இறக்கிவைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். செத்ததும் இல்லை, உயிரோடு இருப்பதும் இல்லை. வேண்டும்போது எடுத்து வெந்நீரில் காட்டினால் எழுந்துகொள்ளும், எல்லாம் நல்லபடியாக இருந்தால். குடுவை நிரம்புவதற்கு முன்னால், அண்ணன் இன்னும் படுக்கையில் இருந்த நாளில், அவள் மூன்று குப்பி உறையவைத்திருந்தாள்.

மறுநாள் காலை நைட்ரஜன் டாங்க் அறைக்குப் போனாள். டாங்க்காரர் முழங்கை வரை கையுறையும் முகத்துக்குக் கண்ணாடி மறைப்புமாக, பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"ரெண்டு குப்பி எடுத்தாச்சும்மா. உங்க கையெழுத்துதான். ஒண்ணு இருக்கணும். ஆறாவது கூடை, அடித்தட்டு."

"எடுங்கண்ணே."

"அந்த டாங்க் நடுவுல ஒரு வாட்டி வத்திப்போச்சு, தெரியும்ல? அடியில ஒரு சாண்தான் இருந்துச்சு. நான் லீவுல இருந்தப்போ."

"அடித்தட்டு தப்பிச்சிருக்குமாண்ணே?"

"தப்பிச்சிருக்கலாம். பாதி நம்பிக்கை குடுக்கறேன், மீதியை நீங்க வெந்நீர்ல காட்டிப் பாத்துக்கங்க." கூடையைத் தூக்கினார். வெள்ளைப் புகை அவர் காலடியில் வழிந்தது. "எதுக்கும்மா இப்பப் போயி இதைக் கிளறுறீங்க? புது சோறு இருக்கறப்ப பழசு எதுக்கு?"

அவள் குப்பியை வாங்கிக்கொண்டாள். அவள் கையெழுத்துதான். கீழே தேதி. அந்தத் தேதியில் அண்ணன் கஞ்சி வேண்டாம், ரொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது ஞாபகம் வந்தது.

வெந்நீரில் ஒரு நிமிடம். கடைசி ஐஸ் பொட்டு கரையும்போது எடுத்து, புதுப் பாட்டில் உடைத்து, புதுக் குடுவையில் விட்டாள். அன்று முழுக்க அந்த அறையில் வேறு எந்தச் செல்லையும் தொடவில்லை. சாயங்காலம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் மிதந்தது. மிதந்தால் செத்தது. மறுநாள் காலை பார்த்தபோது ஓரமாக ஒரு கூட்டம் அடியில் ஒட்டியிருந்தது. இருநூறு தேறும். நீளமாக, ஒல்லியாக, ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றன. பதினோரு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது குண்டுகுண்டாக, நெருக்கியடித்து வளர்வது. இவர் இப்படித்தான் இருந்தார் என்பதையே மறந்துவிட்டிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று குடுவையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணி வந்து உட்கார்ந்திருந்தாள். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில்தான் அண்ணி இருந்தாள். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் நர்ஸ் உடுப்புகளும் தைத்துக் கொடுப்பாள். மழையில் எதுவும் காயவில்லை என்று புலம்பிக்கொண்டே, வேகவைத்த உருளைக்கிழங்கை மிளகுத்தூள் தூவிக் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்பிடு மொதல்ல. முகமே சரியில்ல. தம்பியும் வந்ததுலேர்ந்து பேப்பரை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். இன்டர்வியூன்னா பயமா?"

"கொஞ்சம் டென்ஷன் அக்கா," என்றார் நானூறு.

"எதுக்கு டென்ஷன்? அவங்க கேட்டா சொல்லுங்க, எங்க மச்சான் கூடவே வந்திருக்கார்னு." அண்ணி தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "புதுசா எழுதினாங்களா யாராச்சும்?"

அண்ணியிடம் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு மேற்கோள் வரும்போதும், எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டு அதில் குறித்துக்கொள்வாள். கட்டுரை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஊர் வேண்டும். புருஷன் பஸ்ஸில் போனால்கூட ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்கிற ஆள், இத்தனை ஊர் பார்க்கிறாரே என்பாள்.

"இல்லை அண்ணி. இந்த வாரம் இல்லை."

"வரும் வரும். நல்ல சேதி வர்றப்ப சேந்தாப்ல வரும்."

அவள் போனபிறகு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை நூற்றறுபது. சனிக்கிழமை நூற்றுப்பத்து. ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு மேலே வந்தது. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தாள், பாதி பழசு பாதி புதுசாக ஊற்றிப் பார்த்தாள். மேலே திரவம் இளஞ்சிவப்பாகவே இருந்தது. யாரும் தின்னவில்லை.

ஞாயிறு காலை நானூறும் வந்தார். நல்ல நாளில் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"எழுந்திருக்க மாட்டாரு," என்றார்.

"ரெண்டு நாள் பாக்கலாமே."

"ரெண்டு நாள்ல ஒண்ணும் மிஞ்சாது. உனக்கே தெரியும்." நிமிர்ந்தார். சவரம் செய்யாத முகம். "நான் சொல்றதைக் கேளு. பேப்பரை வாபஸ் வாங்கறேன். இன்டர்வியூவுக்கு முன்னாடியே எழுதிடறேன். உனக்காக இல்லை. அந்த மருந்து எங்கியாவது யாருக்காவது போயிடுமோன்னு நாலு நாளாத் தூக்கமில்லை."

அவள் அவரைப் பார்த்தாள். கட்டிக்கொண்டு இருபது வருடத்தில் அந்த மனிதர் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "வாபஸ்னு எழுதினா, அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா? ஆரம்பத்துலேர்ந்தே நோயாளின்னு ஒருத்தர் இருந்தாரா, இல்லை எவளோட செல்லையோ எடுத்து நீயே பேர் வெச்சியான்னு. தப்புன்னா வேலையாவது நிக்கும். திருட்டுன்னா நான் நிக்க முடியாது."

"அண்ணன் இருந்தாரே. ஆஸ்பத்திரியில காகிதம் இருக்குமே."

"ஆளு இருந்தாருன்னு காகிதம் இருக்கும். நம்ம குடுவைக்குள்ள இருந்தாருன்னு எதுல இருக்கு?" குடுவையைக் காட்டினார். "இதுல மட்டும்தான் இருக்கு."

"இதை சோதனைக்கு அனுப்பினா..."

"எல்லாத்தையும் சுரண்டித்தான் எடுக்கணும். இருக்கறதே நூறு."

வெளியே மழை தகரத்தில் அடித்தது.

"வேணாம்னா சொல்லு. விட்டுடலாம். பேர் கெட்டா கெடட்டும்," என்றார்.

உண்மையாகத்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்தது. விட்டாலும் இரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்பதும் தெரிந்தது. போகிறதுதான் போகிறது, ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போகட்டும் என்று அவளே மனசுக்குள் நியாயம் சொல்லிக்கொண்டாள். கையுறையை மாட்டினாள். "நானே எடுக்கறேன்" என்றாள்.

சுரண்டியால் ஒரு இழுப்பு. சின்னக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. தன் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, ஒப்புப் பார்ப்பதற்கு அதையும் சேர்த்து வைத்தாள். நானூறு குடையைப் பிடித்துக்கொண்டு தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை முடிவு வந்தது. ஆண். கன்னத்து மாதிரியைக் கொடுத்தவரின் உடன்பிறப்பு. வேறு யாருடைய கலப்பும் இல்லை. அன்றைக்கே நானூறு இதழுக்குக் கடிதம் அனுப்பினார். முப்பது ஊருக்கும் அனுப்பினார். புதன்கிழமை நேர்காணல் அறைக்குள் போய், தன் பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள் என்று சொன்னாராம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "நேர்மையைப் பாராட்டுகிறோம்" என்று குழுவில் ஒருவர் கைகொடுத்தார். பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மறுநாள் பக்கத்து அறைக்காரர் நடைவழியில் எதிரே வந்து, "வாங்க சார்" என்றார். ஆய்வகம் முழுக்க ஒரே நாளில் அவர் சார் ஆகிவிட்டார். பதவி போனதைக்கூட ஒருமாதிரி விழுங்கிவிட்டவர், அந்தச் சாரைக் கேட்டுவிட்டு வந்து அறையைச் சாத்திக்கொண்டார்.

அண்ணியிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் நாலு நாள் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் ஞாயிறு காலை அவளே கீழே இறங்கிப் போனாள். மழை விட்டிருந்தது. அண்ணி ஜன்னலைத் திறந்து வைத்து விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. தம்பிக்கு வேலை கெடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். மனசு விட்டுடாதீங்க. அடுத்த தடவை..."

"அண்ணி, மெஷினை நிறுத்துங்க."

அண்ணி நிறுத்தினாள். அவள் நின்றபடியே சொன்னாள். ஒரே பாட்டிலை எல்லாவற்றுக்கும் ஊற்றியது, குடுவை நிரம்பியது, கேக் வெட்டியது, அறிக்கை வந்தது. நடுவில் ஒருமுறை அண்ணி நோட்டு இருந்த அலமாரியைப் பார்த்தாள். எழுந்து போய் எடுக்கவில்லை.

"அப்போ அந்த ஊரெல்லாம் போனது?"

"வேற யாரோ அண்ணி. யாரோ ஒரு அம்மா."

"பாவம்," என்றாள் அண்ணி. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள். "அவரு கொஞ்சம்கூட மிச்சமில்லையா?"

"ஒரு குப்பி இருந்துச்சு. பழசு. எழுப்பிப் பாத்தோம்."

"எழுந்தாரா?"

"கொஞ்சம். ஒரு இருநூறு ஒட்டிச்சு. அண்ணன்தான். சோதனையில வந்துச்சு."

அண்ணியின் முகம் மாறியது. "இப்ப இருக்காரா?"

"இல்லை அண்ணி. சோதனைக்கு எல்லாத்தையும் எடுக்க வேண்டியிருந்துச்சு. எடுத்தா திரும்ப வராது. இவர் மேல திருட்டுப் பட்டம் வந்துடுமேன்னு... எப்படியும் போயிருக்கும் அண்ணி. ரெண்டு நாள் தாங்கியிருக்காது."

"சரி. அதுல தப்பில்லை. தம்பி நல்லவர்." அண்ணி தலையை ஆட்டினாள். "எத்தனை நாள் இருந்தாரு உன்கிட்ட?"

"செவ்வாய்லேர்ந்து ஞாயிறு வரைக்கும். ஆறு நாள்."

அண்ணி விரல்களைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் எண்ணுவதுபோல இருந்தது.

"நான் இங்கதான இருந்தேன்," என்றாள். "ஆறு நாளும் இங்கதான் இருந்தேன். வியாழக்கிழமை மேலயே வந்தேனே. பதினோரு வருஷமா ஒரு தடவை காட்டு, ஒரு தடவை காட்டுன்னு உன்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வெளியாள் உள்ள வந்தா கிருமி வந்துடும், செல்லுக்கு ஆகாதுன்ன. சரின்னு இருந்துட்டேன். போகப்போறாருன்னு தெரிஞ்சப்பறம் கிருமி என்ன பண்ணும்? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

அவள் நாலு நாளாக எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். பாட்டிலுக்கு ஒன்று, நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்று, சுரண்டி எடுத்ததற்கு ஒன்று. இதற்கு எதுவும் இல்லை.

"தோணவே இல்லை அண்ணி," என்றாள்.